ரியூசன் நிலையத்தின் எக்ஸெல் தாளை ஒழுங்கான தரவுத்தளமாக்குவது எப்படி

வெள்ளவத்தையில் ஒரு நடுத்தர ரியூசன் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். உயர்தரத்துக்கு ஐந்தாறு பாடங்கள், பன்னிரண்டு ஆசிரியர்கள், அறுநூறு பிள்ளைகள். ஆரம்பத்தில் சீஆர் கொப்பியில் எழுதினார்கள். பிறகு அந்தக் கொப்பியை அப்படியே எக்ஸெல்லில் ஏற்றினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி: பெயர், பாடசாலை, தகப்பனின் தொலைபேசி, முகவரி, பாடம் 1, ஆசிரியர் 1, கட்டணம் 1, பாடம் 2, ஆசிரியர் 2, கட்டணம் 2. அதற்கு வலப்பக்கம் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு நிரல்கள், காசு கட்டியவருக்கு ஒரு சரி அடையாளம்.

இந்தத் தாள் மூன்று விதமாக உடையும். இரசாயனவியல் ஆசிரியர் மாதக் கட்டணத்தை 2,500 ரூபாயிலிருந்து 3,000 ஆக்கினால் நூற்றுக்கு மேற்பட்ட வரிகளைத் திருத்த வேண்டும். நாலு வரி தவறினால் ஒரே வகுப்புக்கு இரண்டு விலை நிற்கும். அடுத்த மாதம் தொடங்கும் புதிய வகுப்பை இன்றே பதிய முடியாது, ஏனென்றால் அதில் இன்னும் பிள்ளை சேரவில்லை, பிள்ளை இல்லாமல் வரி இல்லை. ஒரு சிறிய வகுப்பின் கடைசிப் பிள்ளை விலகி அவரது வரியை அழித்தால் அந்த ஆசிரியரின் விபரமும் கூடவே போய்விடும். திருத்தும்போது, சேர்க்கும்போது, அழிக்கும்போது வரும் இந்த மூன்று கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரே வரி பிள்ளையைப் பற்றியும் சொல்கிறது, வகுப்பைப் பற்றியும் சொல்கிறது, காசைப் பற்றியும் சொல்கிறது.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் கொட் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரி இந்தச் சிக்கலைத்தான் அவிழ்த்தது. தரவை அட்டவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தகவலையும் ஓரிடத்தில் மட்டும் வைத்து, தேவைப்படும்போது இணைத்துக்கொள்வது. படுக்கையாக ஓடுவது நிரை, நெடுக்காக இறங்குவது நிரல். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: இதில் ஒரு நிரை எதைச் சொல்கிறது? அதற்கு ஒரே வாக்கியத்தில், 'மற்றும்' போடாமல் பதில் சொல்ல முடிந்தால் அட்டவணை சரி.

கணினியைத் தொடுமுன் எழுத வேண்டியவை

ஒரு தாளில் நிலையத்தின் வழக்கங்களை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். 'ஒரு மாணவர் பல வகுப்புகளில் சேரலாம்.' 'ஒரு வகுப்பை ஒரே ஆசிரியர் நடத்துவார்.' 'ஓர் ஆசிரியர் பல வகுப்புகள் நடத்தலாம்.' 'கட்டணம் மாதத்துக்கு ஒரு முறை, வகுப்பு வகுப்பாகக் கட்டப்படும்.' இப்படி இருபது வாக்கியம் வந்தால் இந்த அளவு நிலையத்துக்குப் போதும்.

பிறகு அந்தத் தாளை நிலையத்தின் உரிமையாளரிடம் மட்டும் காட்டி நிறுத்திவிடாமல், வாசலில் காசு வாங்கி அட்டையில் அடையாளம் போடுபவரிடம் கொண்டுபோங்கள். விதிவிலக்குகள் அவருக்குத்தான் தெரியும். வசதி குறைந்த பிள்ளைக்கு ஃபிரீ கார்ட், அண்ணன் தம்பி இருவர் வந்தால் ஒருவருக்கு அரைக் கட்டணம், மார்ச்சில் நின்று ஜூலையில் திரும்பி வரும் பிள்ளை, போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் விடுபட்ட வகுப்புக்குப் புதன்கிழமை பதில் வகுப்பு. இவற்றை இப்போது கேட்டால் ஒரு வாக்கியம் கூடும். தரவுத்தளம் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் அட்டவணையையே உடைத்துக் கட்ட வேண்டி வரும்.

வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்கள்தான் உங்கள் அட்டவணைகள்: மாணவர், ஆசிரியர், பாடம், வகுப்பு, கொடுப்பனவு. இங்கே அதிகம் பேர் சறுக்கும் இடம் பாடத்தையும் வகுப்பையும் ஒன்றாக்குவது. 'இணைந்த கணிதம்' ஒரு பாடம். 'இணைந்த கணிதம், 2027 பிரிவு, தமிழ்மொழி மூலம், சனி பிற்பகல் 2 மணி, இன்ன ஆசிரியர்' என்பது ஒரு வகுப்பு. அந்த வகுப்பு ஒரு குறிப்பிட்ட திகதியில் நடக்கும் ஒரு தடவை, அமர்வு. வரவு, அதாவது பிள்ளை வகுப்புக்கு வந்தாரா என்பது, பதிவது அமர்வுக்கு. அமர்வுக்குத் தனி அட்டவணை இருந்தால் போயாவில் நடக்காத வகுப்பும் அதற்குப் பதிலாகப் புதனில் வைத்ததும் இரண்டு நிரைகளாக இயல்பாக உட்காரும். இல்லாவிட்டால் சனிக்கிழமை வகுப்புக்கு எப்படிப் புதன்கிழமை வரவு வந்தது என்று ஒவ்வொரு மாதமும் விளக்க வேண்டியிருக்கும்.

முதன்மைச் சாவி: அடையாள அட்டை இலக்கம் ஏன் வேண்டாம்

ஒரு நிரையை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும் நிரல்தான் முதன்மைச் சாவி, வேலைத்தளத்தில் பிரைமரி கீ. அதற்கு மூன்று தகுதி வேண்டும். எல்லோருக்கும் இருக்க வேண்டும், இருவருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது, என்றைக்கும் மாறக் கூடாது.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இதற்குப் பொருத்தம் என்று உடனே தோன்றும். பரீட்சித்துப் பாருங்கள். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு அட்டையே இராது, ஆகவே முதல் தகுதி விழுந்தது. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் பன்னிரண்டு எண்கள் கொண்டது. பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, ஆண்டையும் பிறந்த நாளையும் குறிக்கும் முதல் ஐந்து எண்களுக்குப் பின் ஒரு 0 இட்டு, கடைசி எழுத்தை விடுவார்கள். ஆகவே ஒரே ஆசிரியர் 2014இல் கொடுத்த இலக்கமும் அட்டையைப் புதுப்பித்த பின் கொடுப்பதும் எழுத்தளவில் வேறு வேறு. கணினிக்கு அவர் இரண்டு பேர். மாறாதிருத்தல் என்ற தகுதியும் விழுந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த இலக்கத்தில் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது. பெண்களுக்கு நாளுடன் 500 கூட்டப்படுவதால் பாலும் தெரியும். முதன்மைச் சாவி மற்ற அட்டவணைகளுக்கெல்லாம் பிரதியாகப் போகும், பற்றுச்சீட்டில் அச்சாகும். ஒருவரின் பிறந்த நாளை இப்படி ஊரெல்லாம் பரப்பத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மிஞ்சிச் சேகரிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

தகப்பனின் தொலைபேசி எண்ணும் சாவியாகாது, அண்ணனுக்கும் தங்கைக்கும் அதே எண்தான். '27இக014' போல ஆண்டையும் பாடத்தையும் பொதிந்த இலக்கமும் வேண்டாம். பிள்ளை இணைந்த கணிதத்தை விட்டு உயிரியலுக்கு மாறிய அன்றே அந்த இலக்கம் பொய் சொல்லத் தொடங்கும். தரவுத்தளமே 1, 2, 3 என்று தரும் அர்த்தமற்ற எண்ணைச் சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு அடையாள அட்டை இலக்கம் தேவையென்றால் தனி நிரலில் வையுங்கள். உள்ளே வரும்போதே பன்னிரண்டு எண் வடிவுக்கு மாற்றி, 'இரட்டிக்கக் கூடாது' என்ற கட்டுப்பாட்டையும் போடுங்கள்.

அந்நியச் சாவி எந்தப் பக்கம்?

ஓர் அட்டவணையின் முதன்மைச் சாவி இன்னோர் அட்டவணையில் போய் நின்றால் அங்கே அது அந்நியச் சாவி. ஒன்றுக்குப் பல என்ற உறவில் அது எப்போதும் 'பல' பக்கத்தில் நிற்கும். ஓர் ஆசிரியருக்குப் பல வகுப்புகள் என்றால் வகுப்பு அட்டவணையில் ஆசிரியர் எண் என்ற நிரல். மறுபக்கம் வைக்க முயன்றால் ஆசிரியர் அட்டவணையில் வகுப்பு 1, வகுப்பு 2, வகுப்பு 3 என்று நிரல்கள் நீளும், நாலாவது வகுப்புக்கு இடமிராது.

மாணவருக்கும் வகுப்புக்கும் இடையில் இருப்பது பலவுக்குப் பல. அதை இரண்டு அட்டவணையில் அடக்க முடியாது, நடுவில் 'சேர்க்கை' என்ற மூன்றாவது வேண்டும். அதன் ஒரு நிரை 'இன்ன மாணவர் இன்ன வகுப்பில் இன்ன திகதியில் சேர்ந்தார்' என்று சொல்கிறது. ஃபிரீ கார்டா, அரைக் கட்டணமா என்பதும் இங்கேதான் வர வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரசாயனவியலில் ஃபிரீ கார்ட் இருக்கலாம், பௌதிகவியலில் முழுக் கட்டணம் இருக்கலாம். ஆகவே அது பிள்ளையின் குணமுமில்லை, வகுப்பின் குணமுமில்லை, சேர்க்கையின் குணம். மாணவர் எண்ணும் வகுப்பு எண்ணும் சேர்ந்து இரட்டிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடும்போது, மார்ச்சில் நின்று ஜூலையில் திரும்பும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த திகதியையும் அந்தக் கூட்டில் சேர்த்தால்தான் அவரை மறுபடி பதிய முடியும்.

அந்நியச் சாவி போடும்போது, மூல நிரை அழிக்கப்பட்டால் என்ன நடக்க வேண்டும் என்று தரவுத்தளம் கேட்கும். 'கூடவே அழி' என்ற கஸ்கேட் வசதியைக் கண்டபடி போடாதீர்கள். விலகிய ஆசிரியரை ஒருவர் அழித்தால் அவரது வகுப்புகள், அவற்றின் சேர்க்கைகள், அவற்றுக்குக் கட்டிய காசு என்று வரிசையாக அழிந்து, ஒரு சொடுக்கில் மூன்று ஆண்டுக் கணக்கு போகும். 'தடு' என்பதையே தெரிவுசெய்து, ஆசிரியர் அட்டவணையில் 'விலகிய திகதி' என்று ஒரு நிரல் வையுங்கள்.

கட்டுப்பாட்டை எழுதிவிட்டோம் என்று நம்பி இருக்கவும் கூடாது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் அந்நியச் சாவிச் சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் இயக்கிவிட வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு மென்பொருளில் பழைய மைஐசாம் வகை அட்டவணை அந்நியச் சாவியை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் புறக்கணிக்கும். 8.0.16ஆம் பதிப்புக்கு முந்திய மைஎஸ்கியூஎல், பெறுமதியைச் சோதிக்கும் 'செக்' கட்டுப்பாட்டுக்கும் அதையே செய்தது. இல்லாத ஆசிரியர் எண் ஒன்றைப் போட்டு ஒரு வகுப்பைச் சேர்க்க முயன்று பாருங்கள். பிழைச்செய்தி வந்தால்தான் காவல் இருக்கிறது.

இயல்பாக்கம், தேவையான அளவுக்கு

ஒரே தகவல் இரட்டிக்காதபடி அட்டவணைகளைப் படிப்படியாகப் பிரிப்பதுதான் இயல்பாக்கம்; அதன் ஒவ்வொரு படியும் ஓர் இயல்பு வடிவம். முதலாம் இயல்பு வடிவம்: ஒரு கட்டத்தில் ஒரு பெறுமதி. 'கணிதம், வணிகக் கல்வி' என்று ஒரே கட்டத்தில் எழுதி வைத்தால், 'கணிதம்' என்று தேடும்போது இணைந்த கணிதம் படிப்பவர்களும் வந்து சேர்வார்கள். பாடம் 1, பாடம் 2 என்ற நிரல்களும், ஜனவரி, பெப்ரவரி நிரல்களும் இதே குற்றத்தின் வேறு முகங்கள். மாதங்கள் நிரலாக நிற்கும்வரை 'மூன்று மாதம் தொடர்ந்து கட்டாதவர் யார்' என்ற சாதாரணக் கேள்விக்கு நீளமான வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளை) எழுத வேண்டும். அவை கொடுப்பனவு அட்டவணையில் நிரைகளாக இறங்க வேண்டும்: சேர்க்கை எண், எந்த மாதத்துக்கு, எவ்வளவு, கட்டிய திகதி.

இரண்டாம் வடிவம், ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் சேர்ந்து சாவியாகும் கூட்டுச் சாவி உள்ள அட்டவணைக்குத்தான் பொருந்தும். மாணவரும் வகுப்பும் சேர்ந்து அடையாளமாகும் சேர்க்கையில் பிள்ளையின் பாடசாலையை எழுதினால், அது சாவியின் பாதியை மட்டும் சார்ந்தது. மாணவர் அட்டவணைக்கு அனுப்புங்கள். மூன்றாம் வடிவம்: வகுப்பு அட்டவணையில் ஆசிரியர் எண்ணுக்குப் பக்கத்தில் ஆசிரியரின் தொலைபேசியும் இருந்தால், அந்தத் தொலைபேசி வகுப்பைச் சார்ந்ததல்ல, ஆசிரியரைச் சார்ந்தது. அதையும் நகர்த்துங்கள். இதற்கு மேலும் வடிவங்கள் உண்டு. இந்த அளவு வேலையில் மூன்றோடு நிறுத்தலாம்.

இயல்பாக்கத்தை எங்கே நிறுத்துவது என்பதும் வடிவமைப்புத்தான். கொழும்பு 6 என்றால் அஞ்சல் குறியீடு 00600, கொழும்பு 13 என்றால் 01300. கறாராகப் பார்த்தால் முகவரியில் இரண்டையும் வைப்பது மூன்றாம் வடிவத்துக்கு முரண். ஆனால் அறுநூறு முகவரிகளுக்காக ஊர் அட்டவணை ஒன்றைப் பராமரிப்பதில் பயன் இல்லை, விட்டுவிடலாம்.

கட்டணம் அப்படியல்ல. வகுப்பு அட்டவணையில் 'மாதக் கட்டணம்' என்ற ஒரே நிரலை வைத்து, கொடுப்பனவில் தொகையை எழுதாமல் வகுப்பிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் இரட்டிப்பில்லாத வழி என்று பலர் நினைக்கிறார்கள். விளைவு மோசமாக இருக்கும். கட்டணம் 3,000 ஆன அன்று, போன ஆண்டு 2,500 கட்டியவர்கள் எல்லோரும் 3,000 கட்டியதாக அறிக்கை வரும். காசுப் பெட்டியில் இருந்ததும் கணக்கில் இருப்பதும் பொருந்தாது. வகுப்பின் இன்றைய கட்டணம் ஒரு தகவல். மே மாதம் ஒரு பிள்ளை உண்மையில் கொடுத்த தொகை வேறொரு தகவல். அவை ஒரே எண்ணாக இருப்பது தற்செயல். இரண்டையும் வைத்திருங்கள். கட்டணம் அடிக்கடி மாறினால் 'வகுப்புக் கட்டணம்' என்று தனி அட்டவணை போடுங்கள்: வகுப்பு எண், எந்தத் திகதியிலிருந்து, தொகை. மே மாதத்துக்கு எது பொருந்தும் என்றால், மே 1க்கு முன்போ அன்றோ தொடங்கியவற்றில் கடைசியானது.

நிரல்களின் தரவு வகை

கூட்டிக் கழிக்காத எண் எதுவும் எண் வகையில் இருக்கக் கூடாது. தொலைபேசி எண்ணை எண் வகையில் வைத்தால் 077 என்ற தொடக்கம் 77 ஆகும். அஞ்சல் குறியீடு 00600 வெறும் 600 ஆகும். எக்ஸெல் இதைத் தன்பாட்டிலேயே செய்வதால், தரவை ஏற்றும் முன் அந்த நிரல்களை எழுத்து வகைக்கு மாற்றி, போன பூச்சியங்களைத் திரும்பச் சேருங்கள். பணத்துக்கு ஃபுளோட் என்ற எண் வகை வேண்டாம், அது பத்தில் ஒன்றையே துல்லியமாகப் பிடிக்காது. டெசிமல் வகையில் புள்ளிக்குப் பின் இரண்டு தானம் வையுங்கள். திகதியை எழுத்தாக வைத்தால் 03/04/2025 என்பது ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்று ஒரு நாள் தகராறு வரும். திகதி வகையில் வைத்து, ஏற்றும்போது 2025-04-03 என்று எழுதுங்கள்.

பெயருக்கு 'முதற்பெயர், குடும்பப்பெயர்' என்று இரண்டு நிரல் வைப்பது நம்மவர்களுக்குப் பொருந்தாது. தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைப்பவர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயரை நிரப்புவார், கடிதம் தகப்பனை விளித்துப் போகும். 'முழுப்பெயர்' ஒன்று, 'அழைக்கும் பெயர்' ஒன்று போதும்.

தமிழும் சிங்களமும் சேரும் இடத்தில் எழுத்துக் குறிமுறையை முதல் நாளே சரிசெய்யுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் யூடிஎஃப்8எம்பி4 என்ற குறிமுறை, அட்டவணைக்கும் இணைப்புக்கும் இரண்டுக்கும். ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறிமுறையில் சேமித்த தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகிவிட்டால் மீட்க வழியில்லை. நிரலின் நீளத்தையும் கண்ணால் எண்ணாதீர்கள். 'தமிழ்ச்செல்வி' நமக்கு ஏழு எழுத்து. கணினிக்குப் பதின்மூன்று குறிகள், ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். பெயருக்கு 200 கொடுங்கள்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. 'கொழும்பு' என்பதன் முதலெழுத்தைக் ககரமும் ஒகரக் குறி ஒன்றுமாகச் சேமிக்கலாம், அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, அரவு என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று, தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் என்எஃப்சி என்ற ஒரே சீரான ஒருங்குறி (யுனிகோட்) வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு 'நோர்மலைஸ்' என்ற சார்பே உண்டு. பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் அது ஒருங்குறியே அல்ல, உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். முதலில் மாற்றி, பத்துப் பெயரைக் கண்ணால் சரிபார்த்த பின்பே ஏற்றுங்கள்.

வெறுமை என்னும் 'நல்' பெறுமதியைப் பூச்சியத்துடன் குழப்ப வேண்டாம். ஃபிரீ கார்ட் பிள்ளையின் தொகை 0. தொகை தெரியாதென்றால் அது நல். சராசரி எடுக்கும்போது 0 கணக்கில் வரும், நல் வராது. கட்டாதவர்களுக்கு நல் போட்ட நிரையும் வேண்டாம், நிரையே இல்லாதிருப்பதுதான் சரி. 'இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்' என்று கேட்க வினவலில் 'நொட் இன்' எழுதும்போது பட்டியலில் ஒரு நல் இருந்தாலும் விடை முழுவதும் காலியாக வரும். 'நொட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதிப் பழகுங்கள்.

ஏற்றுமுன் பரீட்சை

பத்து மாணவர்களைத் தெரிந்தெடுத்துத் தாளிலேயே எல்லா அட்டவணைகளையும் நிரப்புங்கள். அந்தப் பத்தில் ஃபிரீ கார்ட் பிள்ளை, சகோதரர் இருவர், திரும்பி வந்தவர், ஒரே பெயருள்ள இருவர் கட்டாயம் இருக்கட்டும். பிறகு நிலையம் தினமும் கேட்கும் கேள்விகளைக் கேளுங்கள்: இந்த மாதம் யார் கட்டவில்லை, இந்த ஆசிரியருக்கு எவ்வளவு சேர வேண்டும், சனி பிற்பகல் பெரிய மண்டபம் காலியா? கடைசிக் கேள்வியில் கவனம். மண்டபம், திகதி, தொடங்கும் நேரம் மூன்றும் இரட்டிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2 மணி வகுப்பு இரண்டைத் தடுக்கும். 2 முதல் 4 வரை ஒன்றும் 3 முதல் 5 வரை ஒன்றும் வந்தால் தடுக்காது. போஸ்ட்கிரெஸ்ஸில் நேர இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் தடுக்கும் விலக்குக் கட்டுப்பாடு உண்டு. மற்றவற்றில் பதியும் செயலியிலேயே சோதிக்க வேண்டும்.

ஏற்றும் ஒழுங்கு: முதலில் ஆசிரியரும் பாடமும், பின் வகுப்பு, மாணவர், சேர்க்கை, அமர்வு, கடைசியில் கொடுப்பனவும் வரவும். வரிசை மாறினால் அந்நியச் சாவி மறுக்கும். அதற்காகச் சரிபார்ப்பை அணைத்துவிட்டு ஏற்றாதீர்கள், எந்த நிரை அநாதையாக நின்றது என்று பிறகு தெரியவராது. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் தானாக ஒன்றாக்காமல் தொலைபேசி, பாடசாலை இரண்டையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் தீர்மானியுங்கள்.

ஏற்றி முடிந்ததும் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: பழைய தாளில் சரி அடையாளம் பெற்ற பிள்ளைகள் படிக்கும் வகுப்புகளின் தொகை (இரண்டு வகுப்பு படிப்பவருக்கு இரண்டு), புதிய அட்டவணையில் அந்த மாதத்துக்கான கொடுப்பனவு நிரைகளின் தொகை. ஒரு நிரை குறைந்தாலும் அது எந்தப் பிள்ளையின் எந்த வகுப்பு என்று கண்டுபிடித்த பிறகே வாசலில் இருப்பவரிடம் புதிய திரையைக் கொடுங்கள். பழைய தாளைத் திருத்த முடியாதபடி பூட்டி, ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.